கடல் எந்தப் பக்கம் என்று தெரியாத உதவிப் பயிற்சியாளர்

கிளப்பின் பயிற்சிக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் கேட்டார். "ஒங்க சாதனைகள எழுதுங்க சார், அவங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றார். உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதிலும் பாதி என் பெயரும் படிப்பும். சரி, செய்த தவறுகளை எழுதிப் பார்ப்போம் என்று பக்கத்தைத் திருப்பினேன். நோட்டு போதவில்லை. அதனால் ஒன்றரைத் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். மற்றவற்றை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

முதலில் என் தகுதி. நான் பூதப்பாண்டிக்காரன். எங்கள் குடும்பத்தில் வயலைத் தவிர வேறு எந்த மைதானத்திலும் யாரும் இறங்கியதில்லை. கல்லூரி ஃபுட்பால் அணியில் நான் மூன்று வருடம் மாற்று கோல்கீப்பர். முதல் கீப்பருக்கு அந்த மூன்று வருடமும் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆட்டத்தை அவ்வளவு காலம் வெளியிலிருந்தே பார்த்ததால் பயிற்சியாளர் தேர்வில் எழுத்துத் தாள் எனக்கு மிக எளிதாக இருந்தது. அந்தச் சான்றிதழை நம்பித்தான் தேங்காய்ப்பட்டணத்துப் பக்கத்தில் இருக்கும் நம் கிளப் என்னை உதவிப் பயிற்சியாளராக வேலைக்கு எடுத்தது.

அப்போது பயிற்சிக் குழு என்றால் மூன்று பேர். தலைமைப் பயிற்சியாளர், நான், பந்துக்குக் காற்றடித்து அடிபட்டவனுக்கு ஐஸ் வைக்கிற ஒருவர். தலைமைப் பயிற்சியாளரை ஆட்டக்காரர்கள் ஆசான் என்பார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்து பெரிய அணிகளுக்கு ஆடி வந்தவர். பெயரை எழுதினால் வீட்டுக்கு வந்து திட்டுவார் என்பதால் ஆசான் என்றே இருக்கட்டும்.

அரைத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். சீசன் இல்லாத மாதங்களில் நம் ஆட்டக்காரர்கள் பலர் ஆழ்கடல் படகில் போய்விடுவார்கள். அப்படிப் போய்த் திரும்பியவர்களுக்கு முதல் நாளே நான் ஒரு பரிசோதனை வைத்தேன். ஒற்றைக் காலில், கண்ணை மூடி நிற்கவேண்டும். புத்தகத்தில் இருந்தது. ஒருவன் விடாமல் எல்லாரும் சாய்ந்தார்கள். அணியில் பாதிப் பேருக்கு மூளையில் கோளாறு இருக்கலாம் என்று ஆசானிடம் அறிக்கை கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சாரே, அவனுவ நேத்து ராவுதான் எறங்குனானுவ. காலுக்கு இன்னும் கரை வந்து சேரல்ல. ரெண்டு நாளு விடும்." மூன்றாம் நாள் அத்தனை பேரும் கொக்கு மாதிரி நின்றார்கள். நான்தான் விழுந்தேன்.

இனி முழுத் தவறு.

என் மைத்துனர் மகன் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு ஆட்டம் இருக்கிறது. அதற்கும் ஃபுட்பால் என்றுதான் பெயர். பந்து முட்டை மாதிரி இருக்கும், கையாலும் குத்தலாம், மைதானமே நீள்வட்டமாக இருக்கும். அவன் அனுப்பிய வீடியோவில் எனக்கு ஆட்டம் மண்டையில் ஏறவில்லை. ஏறியது வேறு. அங்கே பயிற்சியாளர்கள் வெயிலில் நின்று கத்துவதில்லை. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் டெலிபோன். மேலிருந்து ஆட்டம் முழுக்கத் தெரியும், கீழே பெஞ்சுக்குச் சொல்லி அனுப்புவார்கள். பார்த்த அன்றே, வாழ்க்கையில் நான் உட்காரவேண்டிய நாற்காலி அதுதான் என்று தோன்றிவிட்டது.

ஆசானிடம் சொன்னேன். "கண்ணாடி ரூமுக்கு நாம எங்க போவ?" என்றார். மைதானத்துக்குப் பக்கத்து ஐஸ் பிளான்ட்டின் மொட்டை மாடியைக் காட்டினேன். ஏசியும் ஆச்சு. கையில் செல்போன் இருக்கிறது. அடுத்த ஆட்டத்திலிருந்து நான் மேலே, அவர் கீழே பெஞ்சில்.

ஒரு சிக்கல் வந்தது. மாடி ஒரு பக்கம், பெஞ்சு எதிர்ப்பக்கம். நான் இடது என்றால் அது அவருக்கு வலது. இரண்டு ஆட்டம் இப்படியே குழம்பித் தோற்றபின் ஆசான் ஒரு முடிவு சொன்னார்: "இடமும் வலமும் வேண்டாம் சாரே. கடலுப் பக்கம், மலைப் பக்கம்னு சொல்லும். கடலும் மலையும் எடம் மாறாது." நம் மைதானத்தில் நின்றால் ஒரு பக்கம் அலை, மறு பக்கம் தூரத்தில் மலை. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இதோடு நான் என் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தேன். ஆட்டக்காரன் பெயரைச் சொல்லவே கூடாது, இடத்தை மட்டும்தான் சொல்லவேண்டும். பெயர் சொன்னால் நமக்குப் பிடித்தவன், பிடிக்காதவன் என்ற எண்ணம் வந்துவிடும் என்று விளக்கம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேலிருந்து பார்த்தால் நீலச் சட்டைகள் எல்லாம் எனக்கு ஒன்றுபோலத் தெரிந்தன என்பதும், கண்ணாடி மாற்ற நாலு வருடமாகச் சோம்பல் என்பதும் இன்னொரு காரணம். அதை யாரிடமும் விளக்கவில்லை.

நம் மைதானத்தில் இந்த ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது. தொடர்ந்து ஜெயித்தோம். நான் கழுத்தில் இரண்டு விசில் மாட்ட ஆரம்பித்தேன்.

அப்போது நம் அணியில் கிளிட்டஸ் என்று ஒரு பேக் இருந்தான். ஓரத்தில் நின்று தடுக்கிறவர்களில் அவனைப் போல ஒருத்தனை நான் பார்த்ததில்லை. அவனுக்கு ஒரு குறை உண்டு. வள்ளமோ படகோ, கால் வைத்தால் வாந்தி எடுப்பான். அப்பன், அண்ணன், மாமன் எல்லாரும் கடலில் வாழ, இவன் கரையில் நின்று கையசைத்தால்கூடத் தலை சுற்றுகிறது என்று ஊரே கேலி செய்யும். அவனுக்கு ஃபுட்பாலை விட்டால் வேறு வழி கிடையாது. ஒரு அரசுத் துறை அணியில் ஒரு பேக் இடம் காலியாக இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. அடுத்த வருடம் அவனுக்கு வயது தாண்டிவிடும். இந்த முறை கிடைத்தால் உண்டு.

அந்த அணியின் தேர்வாளர் அவனைப் பார்ப்பதற்காகவே வந்தார். வந்தது நம் மைதானத்துக்கு அல்ல. குலசேகரத்தில் எங்களுக்கு ஒரு லீக் ஆட்டம். மதியம் வந்து, ஆட்டம் பார்த்து, சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில் பிடித்து, மறுநாள் பட்டியல் கொடுக்கவேண்டும். கறுப்புக் கண்ணாடி, மடியில் நோட்டு, பிளாஸ்டிக் நாற்காலி. கிளிட்டஸ் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

குலசேகரம் மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் ரப்பர் மரம். ஒரு வீட்டு மொட்டை மாடியில் ரப்பர் ஷீட் காயப் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு மூங்கில் ஏணியில் ஏறி, ஷீட்டுகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டேன். அந்த வாசனையில் பத்து நிமிடம் உட்கார்ந்தவனுக்கு எந்தச் சிந்தனையும் தெளிவாக வராது என்பது என் கட்சி.

உட்கார்ந்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. கடல் எந்தப் பக்கம்?

ஆசானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வீட்டுக்காரரைக் கேட்டிருக்கலாம். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து, ஐம்பது வயதைக் கடந்து, கழுத்தில் இரண்டு விசில் மாட்டிய ஒருவன் கடல் எங்கே என்று கேட்பானா? யோசித்தேன். மரங்களுக்கு மேலே ஒரு பக்கம் மலை தெரிந்தது. அது மலைப் பக்கம். அப்படியானால் எதிர்ப்பக்கம் கடல். இதற்கு எதற்கு இன்னொருவர்?

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஓரம் திறந்து கிடந்தது. குலசேகரத்துக்காரர்கள் அரை மணி நேரத்துக்குள் அந்த வழியாகவே வந்து ஒரு கோல் போட்டார்கள். அந்த ஓரத்தில் எங்கள் பேக் சாஜன். முந்தின நாள் கல்யாண வீட்டுச் சாப்பாடு அவனுக்கு இன்னும் இறங்கவில்லை. இடுப்பில் கையை வைத்து, வருகிறவனை வழியனுப்புகிற மாதிரி நின்றான். அவனை உடனே மாற்றவேண்டும். போனை எடுத்தேன்.

"ஆசானே, கடல் பக்கத்து பேக்கை மாத்தும்."

"கடலுப் பக்கமா?" அவர் குரலில் ஒரு தயக்கம். "நல்லாத்தானே ஆடுகான்? உறுதியா சாரே?"

"மேல இருக்கது யாரு, நானா நீரா? யோசிக்காண்டாம், மாத்தும்."

"இன்னைக்கு ஆளு வந்திருக்காரு..."

"ஆளு வந்தா என்ன, ஆட்டம் முக்கியம்லா? மாத்தும் வோய்!"

இவ்வளவு உறுதியாக நான் என் கல்யாணத்துக்குக்கூடச் சம்மதம் சொல்லவில்லை.

மாற்று ஆட்டக்காரன் உள்ளே ஓடினான். நீலச் சட்டை ஒன்று வெளியே வந்தது. என் கண்ணாடிக்கு முகம் தெரியாது. ஆனால் நடை தெரியும். அது கிளிட்டஸின் நடை. மறுபக்கம் பார்த்தேன். சாஜன் அதே இடத்தில், இடுப்பில் கையோடு.

"ஆசானே! யாரை எடுத்தீரு?"

"நீரு சொன்ன ஆளத்தான்."

"நான் கடல் பக்கம்னுல்லா சொன்னேன்?"

"கடலுப் பக்கத்து ஆளத்தான் எடுத்தேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "சாரே, ஒமக்குக் கடலு எங்க கெடக்கு?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். செல்போனில்.

அவர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். "அந்த மொட்டப் பாறைய மலைன்னு நெனச்சீரா? அது குவாரிக்காரன் வெட்டி மிச்சம் வச்சது. அதுக்கு அந்தாலதான் கடலு. மதியத்துக்கு மேல கடலுக் காத்து எங்கேருந்து வருதுன்னு மேலுக்குத் தெரியாதா ஒமக்கு?"

என் மேலுக்கு, அதாவது உடம்புக்கு, தெரிந்தது வியர்வை மட்டும்தான்.

ஆஸ்திரேலியாக்காரன் ஆட்டத்தில் வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகலாம், பல முறைகூட. நாற்காலியையும் டெலிபோனையும் காப்பியடித்த என்னால் அந்த விதியைக் காப்பியடிக்க முடியாது. நம் ஆட்டத்தில் வெளியே வந்தால் வந்ததுதான். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் தேர்வாளர் நோட்டை மூடினார்.

தம்பிமாரே, இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குள் பாய்ந்து வந்தது வருத்தம் அல்ல. சாக்குகள். சிக்னல் விட்டு விட்டு வந்தது என்று ஒன்று. கூட்டத்தின் சத்தம் என்று ஒன்று. ஆசானுக்குக் காது மந்தம் என்று ஒன்று. மூன்றும் வரிசையில் நின்று 'என்னை எடுத்துக்கோ' என்றன. மூன்றையும் யாராலும் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. எதை எடுக்கலாம் என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தபோது போனில் ஆசான் சொன்னார்: "எறங்கி வாரும்." கோபமே இல்லை. அதனால்தான் தாங்கமுடியவில்லை. இறங்கினேன். ஏணியின் கடைசி நான்கு படிகளை நான் பயன்படுத்தவில்லை.

முட்டியைத் தேய்த்துக்கொண்டு நேராகத் தேர்வாளரிடம் ஓடினேன். "சார், அவன் ஆட்டம் சரியில்லை என்று எடுக்கவில்லை. தப்பு என்னுடையது. எனக்குக் கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

முழுக்கதையையும் சொன்னேன். ஐஸ் பிளான்ட், ஆஸ்திரேலியா, பாறை, எல்லாம். சிரிக்காமல் கேட்டார். பிறகு, "நம்புறேங்க. இப்படி ஒரு பொய்யை யாராலயும் தயாரிக்க முடியாது. ஆனா அரை மணி நேர ஆட்டத்தை வச்சு ஒருத்தருக்கு எப்படி வேலை கொடுக்கச் சொல்லுவேன்?" என்றார். கூடவே இன்னொன்றும் கேட்டார்: "இதை அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. யாருக்குக் கேடு செய்தேனோ அவனைத் தாண்டி, அதிகாரம் உள்ளவரிடம் முதலில் ஓடியிருக்கிறேன். அன்றைய தவறின் இரண்டு பாதிகளில் இதைத்தான் நான் பெரியது என்பேன். முதலாவது அறியாமை. இது அப்படியல்ல.

கிளிட்டஸ் பெஞ்சின் ஓரத்தில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கக் காலு செரியில்லன்னு எடுத்தியளா சாரே?" துண்டுக்குள்ளிருந்து கேட்டான்.

"இல்ல மக்கா. சாஜனைத்தான் எடுக்கச் சொன்னேன். பக்கம் மாறிப்போச்சு. கடல் எங்கன்னு எனக்குத் தெரியல்ல, கேக்கவும் வெக்கம்."

துண்டு விலகியது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப சாஜன் இன்னும் உள்ளயா நிக்கான்?"

அவன் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஏணியில் இறங்கி, ஓடி, ஒப்புக்கொண்டு, உருகி, இவ்வளவும் செய்த நான் சாஜனை மாற்றச் சொல்ல மறந்துவிட்டேன். தலையைத் திருப்பினோம். அதே ஓரம் வழியாக இரண்டாவது கோல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"சவத்த!" என்று கிளிட்டஸ் துண்டைத் தரையில் எறிந்தான். "லேய் சாஜா, இடுப்புல என்னல பிடிச்சு வச்சிருக்க? வெளிய வாலே!"

மூன்று கோல் வாங்கித் தோற்றோம். கடைசி விசில் அடித்தபோது தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு என் யோசனைகளுக்கு இருந்த மரியாதையில் அதை யாரிடமும் சொல்லாமல் நேராகக் குலசேகரம் கேப்டனிடம் போனேன். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, ஆள் மரம் மாதிரி இருப்பார். இன்னும் அரை மணி நேரம் ஆடித் தரமுடியுமா, ஒருத்தனுக்கு வேலை விஷயம் என்று கெஞ்சினேன்.

"நல்ல கதை! வெளுக்கதுக்கு முன்ன ரப்பர் வெட்டப் போவணும் சாரே நாங்க. செயிச்ச ஆட்டத்தத் திரும்பவும் ஆடணுமா?"

கடல் விஷயத்தைச் சொன்னேன். வேறு வழியில்லை. அவர் தன் அணியைக் கூப்பிட்டு, "எல்லாரும் இங்க வாங்கலே, இந்த சாரு ஒரு காரியம் சொல்லுகாரு" என்று இன்னொரு முறை சொல்லவைத்தார். பதினோரு பேரும் புல்லில் உருண்டு சிரித்தார்கள். பிறகு கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபந்தனை போட்டார்: "ஆடுகோம். ஆனா சாஜன் நின்ன எடத்துல நீங்க நிக்கணும்."

"நானா? எனக்கு வயசு..."

"மேல இருந்து பாத்தா எல்லாம் லேசுதானே சாரே. கீழ வாங்க."

ஆசானைப் பார்த்தேன். அவர் என் கழுத்திலிருந்த இரண்டு விசில்களையும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். சாஜன் தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தான். எனக்கு இரண்டு அளவு பெரிது. பேன்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழு அரை மணி நேரம் ஆட இறங்கினேன்.

குலசேகரத்துக்காரர்கள் நல்லவர்கள். யாரும் என்னை இடிக்கவில்லை. இடிக்கத் தேவையே இருக்கவில்லை. ஒருவன் பந்தோடு வந்து நின்று, "சாரே, இந்தப் பக்கமா போறேன்" என்று சொல்லிவிட்டே அந்தப் பக்கமாகப் போனான். நான் திரும்பும்போது பூட்ஸ் முதலில் திரும்பும், கால் பிறகு திரும்பும். எங்கள் பாதியில் என் ஓரம் மட்டும் குலசேகரம் சந்தை மாதிரி ஆள் போய் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சந்தையை அடைக்க ஒருவன் ஓடினான். தன் ஓரத்தையும் காத்து, மைதானத்தைக் குறுக்கே கடந்து என் ஓரத்தையும் காத்தான். நான் விட்ட பந்தை எடுத்தான். நான் விழுந்தால் என்னைத் தாண்டிக் குதித்துத் தடுத்தான். "சாரே, அங்கேயே நில்லுங்க! அசையாண்டாம்! ஒண்ணும் செய்யாண்டாம்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். அவ்வளவு தெளிவான பயிற்சிக் குறிப்பை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. பெஞ்சிலிருந்து ஆசான் "கிளிட்டஸே! கிளிட்டஸே!" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்து, கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார். அரை மணி நேரத்தில் அவர்களால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

தேர்வாளர் ரயிலுக்குக் கிளம்பினார். கிளிட்டஸின் தோளைத் தட்டினார். என்னைப் பார்த்து, "மூட்டுக்கு ஐஸ் வைங்க" என்றார்.

உங்கள் காதில் இப்போது கருவி மாட்டித் தருகிறார்கள். கையில் பலகை மாதிரி ஒன்று, அதில் மைதானம் முழுக்கப் புள்ளிகளாகத் தெரிகிறதாம். நல்லது. நான் குறை சொல்லவில்லை. அந்தப் புள்ளிக்கு ஒரு பெயர் இருக்கும். ஒருவனை வெளியே எடுக்கச் சொல்லும்போது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் எடுக்கவேண்டாம். தெரியாததைக் கேட்க வெட்கமாக இருந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட வெட்கப்பட்ட ஒருவன் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறான்.

சில மாதங்கள் கழித்து கிளிட்டஸ் உத்தரவுக் கடிதத்தோடு மைதானத்துக்கு வந்தான். ஆசானின் காலைத் தொட்டான். என்னிடம் வந்து கடிதத்தைக் கையில் கொடுத்தான். வாசித்தேன். எனக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணாடி மாற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று, "எல்லாம் ஒனக்க ஆட்டம்தான் மக்கா" என்றேன்.

"அதொண்ணும் இல்ல சாரே" என்றான். "அண்ணைக்கு நீங்க ஒரு பந்தாவது ஒழுங்காத் தடுத்திருந்தா எனக்க வேல போயிருக்கும்."